ஆம்ஸ்டர்டாமில் முதல் காஃபிஷாப்: போகும் முன் ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள்

நெதர்லாந்தில் காபி குடிக்க வேண்டுமென்றால் கஃபேவுக்குப் போக வேண்டும். பலகையில் 'காஃபிஷாப்' என்று போட்டிருந்தால் அது கஞ்சா விற்கும் கடை. காபியும் கிடைக்கும், சுமாராக இருக்கும். என்னுடன் வேலை பார்க்கும் நண்பர் ஊரிலிருந்து வந்த அப்பாவுக்கு ஆம்ஸ்டர்டாமைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. இவர் குடையைப் பிரிப்பதற்குள் பெரியவர், ஒரு வாய் காபி குடிக்கலாம் என்று தானாகவே ஒரு கடைக்குள் நுழைந்துவிட்டார். அரை நிமிடத்தில் வெளியே வந்தவர், "கிரிவலப் பாதையில சாமியாருங்க உக்காந்திருக்கிற எடம் மாதிரி வாசம் வருதேடா" என்றாராம்.

நான் இங்கே சில வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேர், விமான நிலையத்திலிருந்து ரயிலில் வரும்போதே குரலைத் தாழ்த்தி இதைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். போங்கள் என்றும் சொல்லவில்லை, போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. போவது என்று முடிவெடுத்துவிட்டால் அசட்டுத்தனம் பண்ணாமல் போய்விட்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் சட்டம்

நெதர்லாந்தில் கஞ்சா லீகல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இல்லை. விற்பதும் வைத்திருப்பதும் இன்றைக்கும் சட்டப்படி குற்றம்தான். 1976-ல் அபின் சட்டத்தைத் திருத்தி, ஹெராயின், கொக்கெய்ன் போன்றவற்றை ஒரு பட்டியலிலும் கஞ்சாவை வேறு பட்டியலிலும் பிரித்தார்கள். இரண்டாவது பட்டியலில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டால் வழக்குப் போடுவதில்லை என்று ஒரு ஏற்பாடு. டச்சு மொழியில் இதற்கு ஒரு தனிச்சொல் உண்டு, ஆங்கிலத்தில் அதை மொழிபெயர்க்க எல்லோரும் திணறுவார்கள். நமக்குத் திணற வேண்டிய அவசியமே இல்லை: கண்டும் காணாமல் விடுவது. அச்சு அசலாக அதேதான்.

நிபந்தனைகள் இவை. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கடையில் 5 கிராமுக்கு மேல் விற்கக் கூடாது, கையில் வைத்திருப்பதும் அதே 5 கிராம்தான். கடையில் மொத்த இருப்பு 500 கிராமைத் தாண்டக் கூடாது. விளம்பரம் கூடாது, கடுமையான போதைப்பொருள் கூடாது, அக்கம்பக்கத்துக்குத் தொல்லை கூடாது, மது விற்கக் கூடாது.

இதில் ஒரு கூத்து இருக்கிறது. முன்வாசல் வழியாக உங்களுக்கு விற்பதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் அந்தச் சரக்கு பின்வாசல் வழியாகக் கடைக்குள் வருவதற்கு எந்த அனுமதியும் கிடையாது. வளர்ப்பது குற்றம், கடைக்கு விற்பது குற்றம். 500 கிராம் வரம்பு இருப்பதால் கூட்டம் அதிகமான கடைகளுக்கு ஒரே நாளில் பல தடவை யாரோ பையில் கொண்டுவந்து நிரப்புகிறார்கள், அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இதைச் சரி செய்யலாமா என்று பார்க்க 10 நகராட்சிகளில் ஒரு சோதனைத் திட்டம் நடக்கிறது. 2023 டிசம்பரில் பிரெடாவிலும் டில்பர்க்கிலும் தொடங்கியது, அரசு அனுமதி பெற்றவர்கள் வளர்த்ததைத்தான் அந்த ஊர்க் கடைகள் விற்க வேண்டும். ஆம்ஸ்டர்டாம் அந்தப் பட்டியலில் இல்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், கண்டும் காணாமல் விடுவது என்பது அவர்கள் கையில் இருக்கும் விஷயம், உங்கள் உரிமை அல்ல. தெருவில் நின்று ஆட்டம் போட்டால் கண்டுவிடுவார்கள்.

இன்னொன்று, சுற்றுலாப்பயணிக்கு எல்லா ஊரிலும் விற்க மாட்டார்கள். நெதர்லாந்தில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான் விற்க வேண்டும் என்று நாடு தழுவிய விதியே இருக்கிறது, அதை அமல்படுத்துவதா வேண்டாமா என்பது அந்தந்த நகராட்சியின் பாடு. மாஸ்டிரிக்டில் கறாராக இருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாம் அமல்படுத்துவதில்லை. ஜெர்மனியில் 2024 ஏப்ரலில் அனுமதித்தார்களே என்று கேட்காதீர்கள், அங்கே கடையே கிடையாது, உள்ளூர்வாசிகள் சங்கம் வைத்து வளர்த்துக்கொள்கிறார்கள். தாய்லாந்தில் 2022-ல் திறந்துவிட்ட கதவை 2025-ல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று பாதி சாத்திவிட்டார்கள். ஆகவே பேச்சு ஆம்ஸ்டர்டாமைப் பற்றித்தான்.

யார் போகவே வேண்டாம்

உங்களுக்கோ நெருங்கிய ரத்த சொந்தத்திலோ மனச்சிதைவு, இருதுருவ மனநோய் இருந்தால் வேண்டாம். இதயக் கோளாறு இருந்தால் வேண்டாம், கஞ்சா நாடித்துடிப்பை நன்றாகவே ஏற்றும். கர்ப்பிணிகள் வேண்டாம். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

வேலைக்காகச் சிறுநீர்ப் பரிசோதனை இருக்கிறவர்களும் வேண்டாம். ரோட்டர்டாமில் கப்பல் நிற்கும் இரண்டு நாளில் எட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கும் தூத்துக்குடித் தம்பிகளுக்கும், அடுத்த மாதம் வளைகுடா வேலைக்கு மெடிக்கல் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். புகைத்த போதை மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடும், அதன் தடயம் உடம்பில் பல நாள், அடிக்கடி எடுப்பவர்களுக்கு வாரக்கணக்கில்கூட இருக்கும்.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் தனியாக ஒரு வரி: நீங்கள் உலகத்தில் எங்கே புகைத்தாலும் சிங்கப்பூரில் புகைத்ததாகவே உங்கள் சட்டம் எடுத்துக்கொள்ளும், சாங்கியில் இறங்கியதும் சோதிக்கவும் செய்யலாம். மிட்டாய்க் கடையை வெளியில் நின்று பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு நகருங்கள்.

எந்தக் கடை, எப்போது

நகரத்தில் 160-க்கும் மேற்பட்ட காஃபிஷாப்புகள் இருக்கின்றன. மத்திய ரயில் நிலையத்திலிருந்து இறங்கி நேராக நடந்தால் முதலில் கண்ணில் படுபவை சுற்றுலாக் கூட்டத்துக்கானவை, பாட்டு அலறும், உட்கார இடம் இருக்காது. லெய்ட்செப்ளெய்ன் சதுக்கத்தில் ஒரு காலத்தில் காவல் நிலையமாக இருந்த கட்டடத்திலேயே புல்டாக் என்ற பிரபலமான கடை நடக்கிறது. படம் எடுத்துக்கொள்ள நல்ல இடம், முதல் அனுபவத்துக்கு அல்ல. யோர்டான் பகுதியிலோ டி பெய்ப் பக்கமோ உள்ளடங்கிய தெருவில், நாலைந்து மேசையும் ஒரு பூனையும் உள்ள கடையாகப் பாருங்கள். காஃபிஷாப்புகளில் பூனை எப்படியோ இருந்துவிடுகிறது. ஜன்னலில் பச்சை வெள்ளை நிறத்தில் உரிம ஒட்டி இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரநாள் பிற்பகல் மூன்று மணி சரியான நேரம். கடையில் ஆள் குறைவாக இருப்பார்கள், ஊழியருக்கு உங்களிடம் பேச நேரம் இருக்கும், ராத்திரி ஆவதற்குள் நீங்கள் நிதானத்துக்கு வந்துவிடுவீர்கள். மதியம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் போகிறவர்கள்தான் மயங்கி விழுகிறார்கள். குடித்துவிட்டும் போகாதீர்கள், மதுவும் கஞ்சாவும் சேர்ந்தால் அறை சுற்றும், அப்புறம் வாந்தி. தனியாகவும் வேண்டாம். இரண்டு பேர் போனால் ஒருவர் எதுவும் எடுக்காமல் இருப்பது உத்தமம்.

அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். ஐம்பது வயதுக்காரராக இருந்தாலும் கேட்கலாம், போனில் இருக்கும் படத்தைச் சில கடைகளில் ஏற்க மாட்டார்கள். ரொக்கமும் கொஞ்சம் வேண்டும், நம் ஊர் கிரெடிட் கார்டு பல கடைகளில் செல்லாது.

உள்ளே நுழைந்ததும்

வாசலில் ஒரு ஆள் நிற்பார். வணக்கம் வைப்பதுபோல் ஒரு 'ஹலோ', பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள், உள்ளே போய்விடுங்கள். போனை எடுத்து ரீல்ஸ் பிடிக்க ஆரம்பிக்காதீர்கள். உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேர் அலுவலகம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் வந்த உள்ளூர்க்காரர்கள். நம் ஊர் டாஸ்மாக் வாசலில் ஒருவன் உங்களைப் படம் பிடித்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

பெரும்பாலான கடைகளில் இரண்டு கவுண்டர். ஒன்றில் டீ, ஜூஸ், மற்றதில் கஞ்சா. உட்கார்ந்து புகைக்கப் போகிறீர்கள் என்றால் ஏதாவது குடிக்க வாங்க வேண்டும், அதுதான் மரியாதை. புதினா இலையை அப்படியே கொத்தாகக் கண்ணாடிக் கோப்பையில் போட்டு வெந்நீர் ஊற்றித் தருவார்கள், தேன் தனியாக வரும். அதை வாங்குங்கள். தொண்டை வறளும்போது அதன் அருமை தெரியும்.

கவுண்டரில்

விளம்பரத் தடை காரணமாகக் கஞ்சா மெனுவைக் கண்ணில் படும்படி மாட்ட மாட்டார்கள். பழைய கடைகள் சிலவற்றில் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால்தான் மெனுவுக்குப் பின்னால் விளக்கு எரியும், விரலை எடுத்தால் அணைந்துவிடும். நீங்கள்தான் பார்த்தீர்கள், நாங்கள் காட்டவில்லை என்று கணக்கு! இப்போது பொதுவாக ஒரு அட்டையாகவோ திரையாகவோ கவுண்டரில் இருக்கும், கேட்டால் நீட்டுவார்கள்.

மெனுவில் இரண்டு பிரிவு. ஒன்று கஞ்சா மொட்டு, டச்சில் 'வீட்'. இன்னொன்று அதன் பிசினை அழுத்திச் செய்த ஹாஷ், மொராக்கோவிலிருந்து வருவது அதிகம், நம் ஊரில் சரஸ் என்பார்களே அந்தக் குடும்பம். கிராம் சுமார் 10 யூரோவிலிருந்து மேலே போகும்.

இங்கேதான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். "ஸ்ட்ராங்காக ஒன்று கொடுங்கள்" என்று கேட்டு, அம்னீசியா என்ற ரகத்தை வாங்கிவிடுகிறார்கள். பெயரிலேயே ஞாபகமறதி என்று எழுதி ஒட்டியிருக்கிறது, அதற்கு மேல் என்ன எச்சரிக்கை வேண்டும்? கல்லூரி விடுதியில் ஒருமுறை இழுத்த அனுபவத்தை இங்கே கணக்கில் சேர்க்காதீர்கள். விதையும் தண்டுமாக வரும் அந்தச் சரக்கு வேறு, கண்ணாடி வீட்டில் விளக்குப் போட்டு வளர்த்த இந்த மொட்டு வேறு. போதை தரும் டிஹெச்சி இதில் 15 சதவீதத்தை ஒட்டி இருப்பது சாதாரணம்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "எனக்கு இது முதல்முறை, இருப்பதிலேயே லேசானதாக ஒன்று, புகையிலை கலக்காதது." இதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். கவுண்டரில் இருப்பவர் ஒரு நாளைக்கு ஐம்பது பேரிடம் இதைக் கேட்கிறவர், மயங்கி விழும் ஆளைத் தூக்கி உட்காரவைக்கும் வேலை தனக்கு மிச்சம் என்று சந்தோஷமாக உதவுவார். சுருட்டத் தெரியாதென்றால் சுருட்டி வைத்த ஜாயிண்டே கிடைக்கும். அதில் பல, புகையிலை கலந்தவை. அதனால் 'ப்யூர்' என்று கேட்டு வாங்குங்கள்.

புகையிலையில் ஏன் இவ்வளவு கவனம் என்றால் இரண்டு காரணம். சிகரெட் பழக்கம் இல்லாதவருக்கு முதலில் குமட்டுவது பெரும்பாலும் அந்தப் புகையிலைதான். இன்னொன்று, 2008 ஜூலையில் இந்த நாட்டில் உணவகங்களிலும் மதுக்கடைகளிலும் புகையிலைப் புகைக்குத் தடை வந்தது, அது காஃபிஷாப்புக்கும் பொருந்தும். கடைக்குள் கஞ்சா புகைக்கலாம், சிகரெட் பற்றவைத்தால் ஊழியர் ஓடி வருவார். இந்த ஊர் இப்படித்தான்.

பற்றவைத்த பிறகு

ஒரு இழுப்பு, சின்னதாக. நுரையீரலில் பிடித்துவைத்து வீரம் காட்ட வேண்டாம், அதனால் இருமல்தான் கூடும். அப்புறம் ஜாயிண்டைச் சாம்பல் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் புதினா டீயைக் குடியுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் பாருங்கள். ஒன்றும் தெரியவில்லையென்றால் இன்னொரு இழுப்பு. முதல்முறைக்கு இரண்டு மூன்று இழுப்பே அநேகம் பேருக்குப் போதும். காசு கொடுத்து வாங்கியதை மிச்சம் வைப்பதா என்று நம் ஊர்ப் புத்தி கேட்கும், தட்டில் சோற்றை மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் அல்லவா. இந்த ஒரு விஷயத்தில் மிச்சம் வையுங்கள்.

கேக் விஷயம்

தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புகைக்கத் தயங்குகிறவர்கள் எல்லோரும், அது பாவம் கேக்தானே என்று இதற்குத்தான் போகிறார்கள். ஸ்பேஸ் கேக் என்பது ஒரு சாதாரண சாக்லேட் கேக் துண்டுபோலவே இருக்கும். புகைத்தால் சில நிமிடத்தில் தெரிவது, சாப்பிட்டால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். கல்லீரல் வழியாகப் போய்த்தான் தலைக்கு வரும், வரும்போது பலமாக வரும், ஆறு எட்டு மணி நேரம் நிற்கும்.

கோயம்புத்தூரிலிருந்து என் பெரியம்மா மகன் வந்திருந்தான். கால் துண்டு சாப்பிடு, மீதியை மடித்துப் பையில் வை என்று சொல்லித்தான் வாங்கிக் கொடுத்தேன். நாற்பது நிமிடம் ஆனது. "ஒண்ணுமே இல்லைண்ணா, ஏமாத்திட்டானுங்க" என்றான். நான் கழிப்பறைக்குப் போய்விட்டு வருவதற்குள் மீதி முக்கால் துண்டும் உள்ளே போய்விட்டது, விரலில் ஒட்டிய சாக்லேட்டையும் நக்கிக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரம் கழித்து வொண்டல் பூங்காவில் நடந்துகொண்டிருக்கும்போது சட்டென்று நின்றான். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு மிகவும் அமைதியாக, "அண்ணா, நான் மூச்சு விடுறேனா?" என்று கேட்டான். விடுகிறாய் என்றேன். "கொஞ்சம் பாத்துச் சொல்லு" என்றான். அடுத்த நான்கு மணி நேரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, விடுகிறாய் விடுகிறாய் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு வாத்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது, அதுவும் அவனுக்குப் பெரிய பிரச்சினையாக இருந்தது.

தலைக்கேறிவிட்டால்

நெஞ்சு படபடக்கும், முகம் வெளுக்கும், வேர்க்கும், செத்துவிடுவோம் என்று தோன்றும், நேரம் நகராது. பயப்பட வேண்டாம், இறங்கிவிடும். உட்காருங்கள், முடிந்தால் படுத்துக் காலைச் சற்று உயர்த்தி வையுங்கள். தண்ணீர், இனிப்பாக ஏதாவது ஒரு பானம். ஊழியரிடம் சொல்லுங்கள், அவர்களுக்கு இது அன்றாடம். கூட இருப்பவர் சத்தம் போடாமல் வேறு பேச்சுப் பேச வேண்டும், சிரித்துக் கேலி செய்யக் கூடாது, வீடியோ எடுக்கவே கூடாது.

நெஞ்சு வலி, நினைவு தப்புவது, நிற்காத வாந்தி, கட்டுப்படாத பயம் என்றால் யோசிக்காமல் 112-ஐ அழையுங்கள். என்ன எடுத்தீர்கள் என்று மருத்துவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், சிகிச்சைக்கு அதுதான் வேண்டும்.

வெளியே வந்த பிறகு

ஆம்ஸ்டர்டாமில் போதையில் நடப்பவருக்கு முதல் எதிரி போலீஸ் இல்லை, சைக்கிள். செந்நிறமாகத் தார் போட்ட பாதை நடைபாதைபோலத் தெரியும், அது சைக்கிள்களுடையது, மணி அடித்துக்கொண்டே வருவார்கள், நிறுத்த மாட்டார்கள். அதற்கடுத்து டிராம், அதற்கடுத்து கைப்பிடிச் சுவர் இல்லாத கால்வாய் ஓரம். வாடகை சைக்கிள் ஓட்டாதீர்கள். காரைத் தொடவே தொடாதீர்கள், 2017 முதல் சாலையில் எச்சிலை எடுத்துச் சோதிக்கும் அதிகாரம் போலீசுக்கு இருக்கிறது.

சிவப்பு விளக்குப் பகுதியான டி வாலனில், டாம் சதுக்கம், நியூமார்க்ட் உட்பட, 2023 மே மாதத்திலிருந்து தெருவில் கஞ்சா புகைக்கத் தடை. அபராதம் 100 யூரோ. விடுதி அறையிலும் புகைக்காதீர்கள், பணத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

இருட்டியதும் பாலங்கள் மேல் சிலர் பக்கத்தில் வந்து, கொக்கெய்ன் வேண்டுமா என்று முணுமுணுப்பார்கள். தலையைக்கூட ஆட்டாமல் நடந்துவிடுங்கள். 2014-ல் கொக்கெய்ன் என்று சொல்லித் தெருவில் விற்ற வெள்ளை ஹெராயினால் சுற்றுலா வந்தவர்கள் இறந்தார்கள், நகராட்சி தெருத்தெருவாக எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டி வந்தது.

கிளம்பும் நாள்

மிச்சம் இருப்பதை எடுத்துக்கொண்டு எந்த எல்லையையும் தாண்டாதீர்கள். பெல்ஜியத்துக்கு ரயிலில் போனாலும் அதேதான். இந்தியாவுக்குள் ஒரு கிராம் கொண்டுவந்தாலும் 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் பாயும். நம்மில் பலர் துபாய், தோஹா வழியாகத்தான் போய்வருகிறோம். துபாய் விமான நிலையத்தில் ஷூவின் அடியில் ஒட்டியிருந்த 0.003 கிராம் கஞ்சாவுக்காக 2008-ல் ஒரு பிரிட்டன் நாட்டுக்காரருக்கு நான்கு ஆண்டு சிறைத்தண்டனை விதித்தார்கள், பிறகு மன்னிப்புக் கிடைத்துத்தான் வெளியே வந்தார். அதனால் முந்தின நாள் இரவே சட்டைப் பை, பர்ஸ், பையின் மூலை முடுக்கெல்லாம் உதறிவிடுங்கள். காஃபிஷாப்புக்குப் போட்டுப்போன உடுப்பைத் துவைத்துவிடுங்கள், ஷூவைத் துடைத்துவிடுங்கள்.

நினைவுப் பொருள் என்று கிரைண்டர் வாங்குகிறவர்கள் உண்டு, கஞ்சாவைப் பொடியாக்கும் சின்ன இரும்பு டப்பா, பல்சக்கரம் மாதிரி உள்ளே இருக்கும். என் தம்பியும் ஒன்று வாங்கி ஒருமுறை பயன்படுத்தியும்விட்டான். கிளம்பும் நாள் காலையில் அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் பல்லிடுக்கெல்லாம் பச்சைத் தூள். எட்டு யூரோவாயிற்றே என்று அரை மனதாக என் கையில் வைத்துவிட்டுப் போனான். வெந்நீரில் நாலு தடவை கழுவி, இப்போது அதில் ஏலக்காய் பொடிக்கிறேன். நன்றாகப் பொடிகிறது.